அத்தியாயம் 6: செயினும் பல்லும் – தேய்ந்ததை வீட்டிலேயே மீட்பது

மிதிக்கும்போது கரகரவென்று சத்தம், மேட்டில் அழுத்தினால் செயின் தாவுகிறது, பெடல் பக்கவாட்டில் ஆடுகிறது. இவற்றில் ஒன்று தலைகாட்டியதும் நம் ஊரில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. கடையில் விட்டு, செட்டோடு மாற்றச் சொல்லிவிடுகிறோம். அல்லது மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு மறந்துபோகிறோம். அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் வாங்கிய விலையில்லா மிதிவண்டிகள் எத்தனையோ வீடுகளில், பிள்ளை கல்லூரிக்குப் போன அன்று சாத்திய சுவரிலேயே துருப்பிடித்து நிற்கின்றன. அவற்றில் பலவற்றுக்குத் தேவைப்படுவது ஒரு செயினும், கொஞ்சம் பால்ரஸ் குண்டுகளும், ஒரு ஜோடி காட்டர்பின்னும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான்.

மிதிக்கும் விசை காலிலிருந்து பின்சக்கரம் போய்ச்சேரும் வழியில் உள்ள பாகங்களை இந்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்கிறோம். காட்டர்பின் போட்ட கிராங்க், 44 பல் செயின்வீல், 18 பல் ஃப்ரீவீல் உள்ள வழக்கமான கறுப்புச் சைக்கிளையே முன்னால் வைத்துப் பேசப்போகிறேன். பல்லின் எண்ணிக்கை உங்கள் சைக்கிளில் கொஞ்சம் மாறலாம். வேலை மாறாது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் அதை ஒட்டியே இருக்கும். இந்தப் பாகங்களில் மலிவானவை சில உண்டு: செயின், குண்டுகள், காட்டர்பின். விலை கூடியவை, கழற்றச் சிரமமானவை சில உண்டு: செயின்வீல், ஆக்சில், கப். மலிவானது தேய்ந்த பிறகும் அதையே ஓட்டிக்கொண்டிருந்தால், அது தன் தேய்மானத்தை விலை கூடியதன் மீது ஏற்றிவிடும். ஆகவே மீட்பு வேலை என்பதில் பாதி, எதைக் காப்பாற்றக் கூடாது என்று தெரிந்திருப்பது.

கழற்றும் முன் காது கொடுங்கள்

ஸ்பானரை எடுக்கும் முன் ஆள் நடமாட்டமில்லாத தெருவில் ஒரு சுற்று ஓட்டிப்பாருங்கள். மிதிப்பதை நிறுத்தி, சைக்கிளைத் தானாக உருளவிடுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் கிராங்க் மீதும் செயின் மீதும் பழியில்லை. மட்கார்டையோ சக்கரத்தின் கோனையோ பாருங்கள். மிதிக்கும்போது மட்டும் வந்தால் எத்தனை மிதிக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணுங்கள்.

ஒரு சுற்று மிதிக்கு ஒருமுறை 'டக்' என்றால் காட்டர்பின், பெடல், கிராங்க் இவற்றில் ஒன்று. செயின் 112 கண்ணி நீளம் என்று வைத்துக்கொண்டால், 44 பல் செயின்வீல் இரண்டரைச் சுற்றுச் சுற்றும்போதுதான் செயின் ஒருமுறை முழுதாகச் சுற்றிவரும். ஆகவே இரண்டரை மிதிக்கு ஒருமுறை சத்தமோ உதறலோ வந்தால் செயினில் ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. ஒரு மிதிக்கு இரண்டு தடவைக்கும் சற்றுக் கூடுதலாக வந்தால் அது பின்சக்கரத்தின் கணக்கு. 44-ஐ 18-ஆல் வகுத்தால் வருவது ஏறக்குறைய 2.4. அப்போது ஃப்ரீவீல் பக்கம் தேட வேண்டும். இந்த எண்ணிக்கை கைவந்துவிட்டால் தேவையில்லாமல் பாதிப் பாகங்களைக் கழற்றும் வேலை மிச்சம்.

பிறகு சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைப் பிடிக்காமல் கிராங்கையே பிடித்துச் சட்டத்தின் பக்கமாக ஆட்டிப்பாருங்கள். இரண்டு கிராங்கும் சேர்ந்து ஆடினால், கிராங்குகளின் ஆக்சில் சுழலும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) தளர்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் ஆடினால் அந்தப் பக்கத்துக் காட்டர்பின்.

செயின்: அளந்த பிறகே முடிவு

செயின் 'இழுத்துக்கொண்டது' என்று சொல்கிறோம். இரும்புத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஊசி இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு புஷ், புஷ்ஷின் மேல் உருளும் ரோலர். 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் இந்த அமைப்பைக் கொண்டுவந்ததன் பயன், சுமை ஊசியின் ஒரு விளிம்பில் குவியாமல் புஷ்ஷின் அகலம் முழுக்கப் பரவியது. இன்றும் நம் கறுப்புச் சைக்கிளில் ஓடுவது அதே அமைப்புதான். ஊசிக்கும் புஷ்ஷுக்கும் இடையே மண் புகுந்து, எண்ணெயுடன் குழைந்து, உள்ளே இருந்தபடியே அரைக்கிறது. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மயிரிழை தேய்ந்தால் நூற்றுக்கு மேற்பட்ட மூட்டுகளில் அது அரை அங்குலமாகச் சேர்ந்துவிடும்.

இதனால்தான் அளப்பது எளிது. புதுச் செயினில் ஊசிக்கு ஊசி சரியாக அரை அங்குலம். ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள்; துணிக்கடை டேப் வேண்டாம். செயின் விறைப்பாக இருக்கும்படி பெடலை லேசாக அழுத்திக்கொண்டு, ஓர் ஊசியின் நடுவில் ஸ்கேலின் தொடக்கத்தை வைத்து, அங்கிருந்து 24-ஆவது ஊசியின் நடுவைப் பாருங்கள். புதுச் செயினில் அது 12 அங்குலத்தில், அதாவது 304.8 மில்லிமீட்டரில் நிற்கும். 12 அங்குலத்தைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு வந்தால் அரை சதவீதத் தேய்மானம். எட்டில் ஒரு பங்கு வந்தால் ஒரு சதவீதம். தடித்த பல் கொண்ட ஒற்றைக் கியர் சைக்கிளுக்கு ஒரு சதவீதம்தான் எல்லை. ஸ்கேல் 308 மில்லிமீட்டரைக் காட்டினால் அந்தச் செயினுக்கு விடை கொடுத்துவிடுங்கள். கழுவுவதாலோ எண்ணெய் விடுவதாலோ அது திரும்ப வராது.

நம் சைக்கிள் கடைகளில் பரவலாக உள்ள ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். செயின் தொங்கிப்போய், பின்சக்கரத்தை இனிப் பின்னால் நகர்த்த இடமில்லை என்றானதும் ஒரு முழுக் கண்ணியைக் கழற்றிவிட்டுச் செயினைக் குட்டையாக்கிக் கொடுப்பார்கள். ஓர் அங்குலம் குறையும், சக்கரம் அரை அங்குலம் முன்னால் வரும், தொங்கல் மறையும். ஆனால் மீதமுள்ள ஒவ்வொரு கண்ணியும் தேய்ந்தபடியேதான் இருக்கிறது. ஊசிக்கு ஊசி உள்ள தூரம் பல்லுக்குப் பல் உள்ள தூரத்தைவிடக் கூடிவிட்டதால் செயின் இனிப் பல்லின் அடியில் உட்காராது. மேலேறி உட்கார்ந்து பல்லின் முதுகைச் சீவும். மிச்சப்படுத்தியது செயின் விலை, இழப்பது செயின்வீல். அவசரத்துக்கு வீடுவந்து சேர இந்த வழி போதும். அதற்கு மேல் வேண்டாம்.

அளவில் தேறிய செயினை மீட்கலாம். முதலில் துணியால் துடைத்து லாக்கைத் தேடுங்கள். ஒரு கண்ணியில் மட்டும் மீன் வடிவத்தில் மெல்லிய கிளிப் இருக்கும். கழற்றும் முன், செயின்வீலில் ஒரு பல்லுக்கும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் வெளித்தகட்டுக்கும் ஒரு பொட்டுப் பெயிண்ட் வையுங்கள். ஃப்ரீவீலிலும் அப்படியே. இதற்குக் காரணம் உண்டு. 44, 18 இரண்டும் இரட்டைப்படை. செயினிலோ உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறிமாறி வருகின்றன. அதனால் ஒரு பல் எப்போதும் உள்கண்ணியையே சந்திக்கும், பக்கத்துப் பல் எப்போதும் வெளிக்கண்ணியையே சந்திக்கும். தேய்மானத்தில் நீள்வது வெளிக்கண்ணியின் இடைவெளி மட்டும்தான். உள்கண்ணியில் புஷ்கள் தகட்டோடு இறுகியிருப்பதால் அந்த இடைவெளி மாறுவதில்லை. ஆகவே பற்களும் ஒன்றுவிட்டு ஒன்று வேறுவிதமாகத் தேய்ந்திருக்கும். பழைய ஜோடியையே திரும்பச் சேர்த்தால் சைக்கிள் சத்தமின்றி ஓடும்.

கழற்றிய செயினை ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் போட்டு மூழ்கும்வரை டீசல் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மண்ணெண்ணெய் கிடைத்தால் அதுவும் நல்லது. பெட்ரோல் கூடாது, அதன் ஆவி அடுப்பங்கரை வரை போய்த் தீப்பிடிக்கும். காலையில் டப்பாவை மூடிக் குலுக்கி, பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, புது டீசலில் இன்னொரு முறை அலசி, வெயிலில் தொங்கவிடுங்கள். அழுக்கு டீசலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். இரண்டு நாள் அசையாமல் வைத்தால் மண் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு வடித்து வைத்துக்கொள்ளலாம்.

துரு எடுக்கப் புளியும் எலுமிச்சையும் வினிகரும் நம் வீடுகளில் கைக்கெட்டும் பொருள்கள். நட்டு, வாஷர், செயின் கார்டின் போல்ட் இவற்றுக்கு அவை நன்றாக வேலை செய்யும். செயினையும் குண்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் மட்டும் புளிப்பில் போடாதீர்கள். கழிவறை கழுவும் அமிலத்தின் பக்கமே போகாதீர்கள். கடினப்படுத்திய எஃகுக்குள் அமிலத்தால் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய்விடும். வெளியே பளபளப்பாகத் தெரியும் செயின் பாலத்து மேட்டில் அறுந்துபோகும்.

காய்ந்த செயினைக் கையில் தொங்கவிட்டு ஒவ்வொரு மூட்டாக மடக்கிப்பாருங்கள். இறுகிய கண்ணி கிடைத்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு பக்கத்தையும் கட்டைவிரல்களால் பிடித்து, மடங்கும் திசையில் அல்லாமல் குறுக்குவாட்டில் மெல்ல வளைத்துவிடுங்கள். தகடுகள் ஒரு பொடி விலகி மூட்டு இளகும். வெடித்த ரோலர், விரிசல் விட்ட தகடு, குழி விழுந்த ஆழ்ந்த துரு இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் நீளம் சரியாக இருக்கிறதே என்று பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் நின்ற சைக்கிள்களுக்கு இந்தச் சோதனை முக்கியம். அங்கே செயின் தேய்ந்து போவதைவிடத் துருவில் போவதுதான் அதிகம்.

எண்ணெய் விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. வண்டிக் கடையில் வடித்த பழைய எஞ்சின் ஆயிலைச் செயினில் ஊற்றாதீர்கள். அதில் கரியும் உலோகத்துகளும் கலந்திருக்கின்றன; செயினைக் கழுவி எடுத்ததையே திரும்ப உள்ளே விடுகிறீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். சமையல் எண்ணெய்கள் நாள்பட்டால் பிசினாகும். புதிய எஞ்சின் ஆயிலே போதுமானது. ஒவ்வொரு ரோலரின் மேலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சிலமுறை சுற்றி, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். வேலை செய்யும் எண்ணெய் உள்ளே இருப்பது. வெளியே மினுமினுப்பது மண் பிடிக்கத்தான் உதவும். செம்மண் புழுதியில் ஓட்டுபவர்களுக்கும் வயல் வரப்பில் ஓட்டுபவர்களுக்கும் முழுச் செயின் கவரைப் போல நல்ல துணை வேறில்லை. அழகுக்காக அதைக் கழற்றி வீசியவர்கள், கிடைத்தால் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

துடைக்கும்போது ஓர் எச்சரிக்கை. ஒருவர் பெடல் சுற்ற இன்னொருவர் துணி பிடிக்கக் கூடாது. செயினின் நடுப்பகுதியில் மட்டும் துணியைத் தளர்வாகப் பிடியுங்கள். துணி பல்லில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் வேலையையே தள்ளிவையுங்கள்.

செயின்வீலும் ஃப்ரீவீலும்

செயின்வீலின் ஒவ்வொரு பல்லும் செயினை ஒருமுறை சந்திக்கும் நேரத்தில் ஃப்ரீவீலின் பல் ஏறக்குறைய இரண்டரை முறை சந்தித்துவிடுகிறது. அதனால் முதலில் தேய்வது ஃப்ரீவீல். நல்ல பல் இரு பக்கமும் ஒரே சரிவில் இருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கம் குடைந்து, சுறாவின் முதுகுத் துடுப்புபோல் ஒருசாய்ந்து நிற்கும். செயின்வீலில் எல்லாப் பற்களையும் பாருங்கள். கிராங்க் கிடைமட்டமாக வரும்போதுதான் கால் முழுப்பலத்தோடு அழுத்துகிறது. அதனால் எதிரெதிரே இரண்டு இடங்களில் மட்டும் தேய்மானம் கூடியிருக்கும். நன்றாக இருக்கும் பகுதியைப் பார்த்துவிட்டுத் தேறியது என்று நினைத்துவிடாதீர்கள். புதுச் செயினை மாட்டி, செயின்வீலின் முன்விளிம்பில் இரண்டு விரலால் பிடித்து முன்னோக்கி இழுங்கள். செயின் எழும்பிப் பல் முழுதாக வெளியே தெரிந்தால் செயின்வீல் முடிந்தது. லேசாக அசைந்து நின்றால் இன்னும் பல காலம் ஓடும்.

கொக்கி விழத்தொடங்கிய பல்லை அரத்தால் மீட்கலாம், ஓர் எல்லைக்குள். பல்லின் நுனியில் பிதுங்கிய பிசிறையும் செயினைப் பிடித்து இழுக்கும் கொக்கி முனையையும் மெல்லிய முக்கோண அரத்தால் சீவிவிடுங்கள். பல்லின் அடிப்பள்ளத்தைத் தொடாதீர்கள். ரோலர் உட்காருமிடம் அதுதான். இப்படிச் செய்தால் செயின் விடுபடும்போது வரும் 'சடக்' சத்தம் நிற்கும். போன உலோகம் திரும்ப வந்துவிடாது. சில லேத் பட்டறைகளில் தேய்ந்த பல்லின் மேல் பித்தளைப் பற்று வைத்து அரம் போட்டுக் கொடுப்பதுண்டு. கிடைப்பதற்கரிய பழைய செயின்வீல், பெயர் வெட்டிய பூ வேலைப்பாட்டுடன் தாத்தா காலத்தது என்றால் செய்துகொள்ளுங்கள். தினசரி ஓட்டத்துக்கு அந்தப் பற்று நிற்காது.

போல்ட்டால் இணைத்த செயின்வீல் உள்ள சைக்கிளாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. போல்ட்டுகளைக் கழற்றிச் செயின்வீலை ஒரு துளை தள்ளிப் பூட்டினால் அதிகம் தேய்ந்த பகுதி அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போய்விடும். ஒற்றைக் கியராக இருந்து, பல் இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் பின்புறம் திருப்பியும் போடலாம். நம் கறுப்புச் சைக்கிள்களில் வலது கிராங்கும் செயின்வீலும் சேர்த்து அடிக்கப்பட்டவை. அங்கே இந்த வசதி இல்லை.

வளைந்த செயின்வீலை நிமிர்த்துவது வீட்டிலேயே முடியும். சட்டத்தின் செயின் தண்டில் ஒரு தீக்குச்சியை நூலால் கட்டி, அதன் முனை பல்லின் பக்கவாட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வையுங்கள். மெல்லச் சுற்றி, எங்கே உரசுகிறது, எங்கே விலகுகிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். உரசும் இடத்தில் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் சிறு தட்டுகளாகத் தட்டுங்கள். ஆட்டம் ஒரு மில்லிமீட்டருக்குள் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

இனி ஃப்ரீவீல். பல் நன்றாக இருந்து, சுற்றும்போது மட்டும் கரகரத்தால் கழற்ற வேண்டியதில்லை. சக்கரத்தைக் கழற்றிப் படுக்கவைத்து, உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் நடுவிலுள்ள கீற்றில் டீசலை ஊற்றிச் சுற்றுங்கள். கறுப்பாக வடியும். தெளிவாக வடியும்வரை செய்து, ஒரு நாள் காயவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயைச் சில சொட்டு விடுங்கள். கிரீஸ் வேண்டாம். உள்ளே பல்லைக் கவ்வும் சிறு நாக்குகளை மெல்லிய கம்பி ஸ்பிரிங்தான் தூக்கி நிறுத்துகிறது. கிரீஸ் அவற்றை ஒட்டவைத்துவிட்டால் அழுத்தும் நேரத்தில் கவ்வாமல் நழுவி, கால் வெறுமனே சுற்றும். எழுந்து நின்று மிதிப்பவர் முகம்குப்புற விழுவது இதனால்தான்.

கழுவியும் கரகரப்பு போகவில்லை, அல்லது இரு பக்கம் அளவுக்கு மேல் ஆடுகிறது என்றால் திறந்து பார்க்கலாம். முகப்பிலுள்ள தட்டில் இரண்டு சிறு துளைகள் இருக்கும். இங்கே இடது மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். துளையில் பஞ்ச் கருவியை வைத்துத் தட்டி விடுவியுங்கள். கீழே ஒரு தாம்பாளம் கட்டாயம். எட்டில் ஒரு அங்குலக் குண்டுகள் பல டஜன் கொட்டும். தட்டுக்குக் கீழே தாள்போல் மெல்லிய வாஷர்கள் இருக்கும். ஆட்டம் அதிகமிருந்தால் அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டுப் பூட்டினால் குறையும். நாக்குகளின் முனை கூர்மையாக இருக்கிறதா, ஸ்பிரிங் துள்ளுகிறதா என்று பாருங்கள். முனை மழுங்கிய நாக்கைச் சாணைபிடித்துத் திரும்பப் போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். ஒற்றைக் கியர் ஃப்ரீவீலின் விலை ஒரு விழுந்த பல்லின் வைத்தியச் செலவுக்கு முன் ஒன்றுமில்லை.

பழையதைக் கழற்றப் பலம் வேண்டும், வைஸும் வேண்டும். ஃப்ரீவீலின் வெட்டில் பொருந்தும் சாவியை வைஸில் பிடித்து, சக்கரத்தை அதன் மேல் வைத்து, மேலிருந்து பார்க்கக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சக்கரத்தையே திருப்ப வேண்டும். வீட்டில் வைஸ் இல்லையென்றால் தெருமுனைக் கடைக்குச் சக்கரத்தை மட்டும் எடுத்துப்போய், "அண்ணே, இதை மட்டும் லூசாக்கிக் கொடுங்க" என்று கேளுங்கள். புதியதைப் பூட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். மிதிக்க மிதிக்க அது தானாகவே இறுகும். அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

காட்டர்பின்னும் பி.பி.யும்

காட்டர்பின்னை எடுப்பதில் அவசரப்பட்டால் ஐம்பது வயதுச் சைக்கிளையும் ஒரே அடியில் கெடுத்துவிடலாம். நட்டைக் கழற்றி, பின்னின் மரை முனையோடு சமமாக வரும்வரை மட்டும் திரும்ப மாட்டுங்கள். கிராங்குக்கு அடியில், பின்னின் தலை உள்ளே போகும் அகலமுள்ள இரும்புக் குழாய் ஒன்றைத் தரையிலிருந்து முட்டுக்கொடுங்கள். பிறகு கனமான சுத்தியலால் நேராக ஓர் அடி. சின்னச் சுத்தியலால் இருபது தட்டுத் தட்டினால் மரை காளானாக விரிந்துகொள்ளும், பின் அசையாது. முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடியைக் குண்டுகள் கப்பின் மீது இறக்கி, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு குழியை அங்கே பதித்துவிடும்.

கிராங்குகள் வந்ததும் இடதுபக்கம் லாக் ரிங்கைத் தளர்த்தி, சரிசெய்யும் கப்பைக் கழற்றி, ஆக்சிலை உருவுங்கள். வலதுபக்கத்து நிலைக்கப்பை அப்படியே விட்டுவிடலாம். துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். எடுத்தே ஆகவேண்டும் என்றால் நினைவிருக்கட்டும், அங்கேயும் இடது மரை. இந்த இங்கிலாந்து அளவுகள், 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 மரையும், நம் நாட்டுச் சைக்கிள்களில் பெரும்பாலும் ஃப்ரீவீலுக்கும் பி.பி. கப்புக்கும் பொதுவாகவே நிலைத்துவிட்டன. 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் வண்டிக்கு லூதியானாவில் செய்த கப் பொருந்துவது அதனால்தான்.

ஆக்சிலில் குண்டு ஓடும் வட்டத்தையும் கப்பின் உள்வளைவையும் விரல் நகத்தால் தடவுங்கள். மங்கலான பளபளப்பு ஓட்டத்தின் தடம், அதில் குற்றமில்லை. நகம் சிக்கும் குழி இருந்தால் அந்தப் பாகம் போய்விட்டது. எமரித் தாளால் தேய்த்துச் சமமாக்க முயலாதீர்கள். கடினமாக இருப்பது மேலே ஒரு மெல்லிய அடுக்கு மட்டும். அதைத் தேய்த்துவிட்டால் அடியிலுள்ள மெது இரும்பு சீக்கிரமே நொறுங்கும்.

குண்டுகளை மட்டும் யோசிக்காமல் மாற்றுங்கள். பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலக் குண்டு 22 வேண்டும். பழையதில் தேறியதைப் பொறுக்கிப் புதியதுடன் கலக்கக் கூடாது. கொஞ்சம் பெரிய புதுக் குண்டுகளே முழுச் சுமையையும் தாங்கி முதலில் உடையும். கடைகளில் எம்பி3 என்று கேட்டால் கிடைக்கும் கிரீஸைக் கப்பில் தாராளமாக அப்பி, குண்டுகளை அதில் பதியவைத்து, நீண்ட முனை செயின்வீல் பக்கம் வரும்படி ஆக்சிலை நுழைத்துவிடுங்கள். கப்பைக் கையால் முடிந்தவரை இறுக்கி, பிறகு ஒரு பொடி தளர்த்தி, லாக் ரிங்கை இறுக்குங்கள். ஆக்சில் ஆடவும் கூடாது, திருப்பும்போது முரண்டவும் கூடாது. ஒரே முறையில் அமையாது. லாக் ரிங்கை இறுக்கும்போது கப்பும் கொஞ்சம் சேர்ந்து திரும்பும். பொறுமையாக மூன்று நான்கு முறை செய்யுங்கள், இந்த அத்தியாயத்தில் அவசரமே காட்டக் கூடாத இடம் இது.

புதுக் காட்டர்பின்னின் சாய்முகத்தை அரத்தால் ஒரே சமமாகச் சீவி, ஆக்சிலின் தட்டைப் பகுதியில் முழுதாகப் படிகிறதா என்று பாருங்கள். இரண்டு பின்னையும் ஒரே அளவு சீவ வேண்டும். பூட்டிய பிறகு கிராங்குகளைச் செங்குத்தாக நிறுத்தினால் ஒன்றின் நட்டு முன்னால் பார்க்க வேண்டும், மற்றொன்றின் நட்டு பின்னால் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் கிராங்குகள் நேர்கோட்டில் அமையாது. ஓட்டுபவருக்கு ஒரு கால் எப்போதும் இடறும். பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்கிய பிறகே நட்டு. நட்டை இறுக்கிப் பின்னை இழுக்கப் பார்த்தால் அந்த மெல்லிய மரை உரிந்துவிடும்.

பின்சக்கர ஆக்சிலைப் பற்றி ஒரு சொல். அங்கே கோன் சுற்றுவதில்லை; சுமை அதன் அடிப்பாதியிலேயே விழுகிறது. குழி இன்னும் விழாத, ஆனால் அடியில் தடம் பதிந்த கோனாக இருந்தால், சக்கரத்தைத் திரும்பப் பூட்டும்போது ஆக்சிலை அரைச் சுற்றுத் திருப்பிவையுங்கள். புதிய பாதி கீழே வரும். ஒரு காசு செலவில்லை.

கியர் சைக்கிளுக்கு

கணக்கு இங்கே கடுமை. செயின் மெலிந்தது, பல்லும் மெலிந்தது. ஆறு, ஏழு கியர் சைக்கிளில் முக்கால் சதவீதத்திலும், பத்துக்கு மேற்பட்ட கியர் உள்ளவற்றில் அரை சதவீதத்திலும் செயினை மாற்றிவிடுங்கள். பல்லின் நுனியில் கியர் மாறுவதற்காகவே வெட்டிய சரிவுகள் இருப்பதால் அரம் போடும் வேலையும் திருப்பிப் போடும் வேலையும் கூடாது. மீட்கத்தக்கவை, பின்னால் கியர் மாற்றும் டிரெயிலியரின் இரண்டு சிறு சக்கரங்கள். கழற்றி, முடியும் அழுக்கும் நீக்கி, நடுவிலுள்ள புஷ்ஷில் துளி கிரீஸ் வைத்துப் பூட்டினாலே பாதி உறுமல் அடங்கும். மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் சில வகைகளில் வேறு. இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பப் பூட்டியபின்

பெயிண்ட் பொட்டுகளைச் சேர்த்துச் செயினை மாட்டி, லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கும்படி வையுங்கள். மேல் ஓட்டத்தில் அது முன்சக்கரத்தைப் பார்க்கும். மாற்றி வைத்தால் எதிலாவது உரசிக் கிளிப் தெறித்துவிடும். பின்சக்கரத்தை நகர்த்தி, செயினின் நடுவில் மேலும் கீழுமாக அரை அங்குலம் தளர்வு இருக்கும்படி செய்யுங்கள். எந்தச் செயின்வீலும் நூறு சதவீதம் வட்டமாக இருப்பதில்லை. பெடலைச் சுற்றி எங்கே மிக விறைப்பாகிறதோ அங்கே இந்த அளவைப் பாருங்கள். விறைப்பாக வைத்த செயின், குண்டுகளையும் கப்பையும் சேர்த்துத் தின்னும்.

தேய்ந்த ஃப்ரீவீலில் புதுச் செயினை மாட்டி, மேட்டில் தாவுகிறது என்றால் செயினைக் குற்றம் சொல்லாதீர்கள். ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்றுங்கள். கழித்த செயினைப் பழைய இரும்புக் கடையில் போடுங்கள், எஃகு உருக்கப்பட்டுத் திரும்ப வரும். குழி விழாத பழைய கப்பையும் ஆக்சிலையும் எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள்.

இனி நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, காட்டர்பின் இரண்டையும் முட்டுக்கொடுத்து இன்னொரு அடி அடித்து நட்டை மறுபடி இறுக்குங்கள். முதல் ஓட்டத்தில் அவை கொஞ்சம் உள்ளே படியும். இதைச் செய்யாமல் விட்ட பின் ஒரு மாதத்துக்குள் ஆடத் தொடங்கி, ஆக்சிலின் தட்டையை உருட்டிவிடும். அதன் பிறகு எந்தப் புதுப் பின்னும் அங்கே நிற்காது.